டெல்டாவில் வரி அலுவலகம் தொடங்குவோருக்கு: காகிதம், கட்டணம், காலக்கெடு

காவிரி டெல்டாவின் சிறு நகரம் ஒன்றில் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்குகளைப் பிறருக்காகத் தாக்கல் செய்து கொடுக்கும் அலுவலகத்தைத் தொடங்க எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தொடங்கிய நாட்களில் சட்டப் புத்தகங்கள் கிடைத்தன. ஆனால் எந்தக் காகிதத்தை யாரிடம், எந்த மாதத்தில் கேட்க வேண்டும், வாடிக்கையாளர் எதைக் கேட்டால் மறுக்க வேண்டும் என்று சொல்லித் தர ஆள் கிடைக்கவில்லை. தட்டுத் தடுமாறிக் கற்றதை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

இந்தத் தொழிலில் வரியைக் கணக்கிடுவது எளிய பகுதி. வருபவரின் பெயர், ஆதார், பான், கைபேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதும், அவர் வாயால் சொல்லும் வருமானத்துக்குக் காகிதத்தில் ஆதாரம் பெறுவதும்தான் நம் நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். காகிதம் கைக்கு வரும்வரை தளத்தில் படிவத்தைத் திறக்காதீர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விதியை ஒட்டியவை.

1. உங்கள் தகுதியை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

பிறருக்காக வருமான வரிக் கணக்கை நிரப்பிக் கொடுப்பதற்குத் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் வரி அதிகாரி முன் வாடிக்கையாளரின் சார்பில் பதில் சொல்ல, சட்டம் வகுத்த தகுதி வேண்டும். வழக்கறிஞர், பட்டயக் கணக்காளர், வணிகவியல் அல்லது சட்டப் பட்டதாரி போன்றோர் அதற்குள் வருவார்கள். வரித் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடும் உரிமை பட்டயக் கணக்காளருக்கு மட்டுமே உண்டு. ஊரில் எல்லோரும் நம்மை ‘ஆடிட்டர்’ என்றுதான் அழைப்பார்கள்; அதற்காகப் பெயர்ப் பலகையில் அப்படி எழுதிவிடக் கூடாது. ‘வரி ஆலோசகர்’ என்று எழுதுங்கள். தணிக்கை தேவைப்படும் வாடிக்கையாளர்களை அனுப்புவதற்கு, தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பட்டயக் கணக்காளரோடு தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜிஎஸ்டிக்கு முறையான பதிவு உண்டு. வணிகவியல், சட்டம், வணிக நிர்வாகம் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் பிசிடி-01 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். பட்டச் சான்றிதழ், பான், ஆதார், புகைப்படம், அலுவலக முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். அதிகாரி ஏற்றுக்கொண்டால் பிசிடி-02 சான்றிதழ் வரும். அத்தோடு வேலை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பதிவு செய்த இரண்டு ஆண்டுகளுக்குள் நாசின் என்ற தேசிய அகாதமி நடத்தும் தேர்வில் 50 சதவீத மதிப்பெண் பெற்றுத் தேற வேண்டும். பதிவு கிடைத்த கையோடு தேர்வுக்குப் படிக்கத் தொடங்குவது நல்லது. வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகு படிக்க நேரம் கிடைக்காது.

2. அலுவலகமும் தொடக்கச் செலவும்

மடிக்கணினி, ஸ்கேனரோடு கூடிய பிரிண்டர், இன்வெர்ட்டர், இணைய இணைப்பு, பூட்டு உள்ள இரும்பு அலமாரி ஆகியவை போதும். கடை முன்பணம் நீங்கலாக ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய்க்குள் அடங்கிவிடும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் மென்பொருளை வரித்துறையே இலவசமாகத் தருகிறது. எனவே முதல் ஆண்டிலேயே விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டாம். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் இலவசம்தான். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் அரசுடையவை அல்ல. நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ அரையாண்டுதோறும் தொழில் வரி கட்ட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையைக் கருத்தில் கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தபோது நாகப்பட்டினம், திருவாரூர் மாவட்டங்களில் மின்சாரம் பல நாட்கள் இல்லாமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர்களின் காகிதங்களைத் தரைமட்டத்தில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றின் நகலையும் கணினியிலும், கடவுச்சொல் உள்ள இன்னோரிடத்திலும் சேமித்து வையுங்கள்.

3. பெயரும் கைபேசி எண்ணும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்

நம் பக்கத்தில் மிகுதியான நேரத்தை விழுங்குவது இந்தப் படிதான். நம் பெயர்களில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக இருக்கும். பான் அட்டைக்கு விண்ணப்பித்தபோது அந்த எழுத்தை விரித்து, ‘முருகேசன் சண்முகம்’ என்றோ ‘சண்முகம் முருகேசன்’ என்றோ போட்டிருப்பார்கள். ஆதாரில் ‘முருகேசன் ச’ என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில் ‘எஸ். முருகேசன்’ என்று இருக்கும். ஆள் ஒருவர்தான் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இதனால் பானும் ஆதாரும் இணையாமல் நின்றுவிடும். ரீஃபண்டுக்காகக் கொடுத்த வங்கிக் கணக்கு சரிபார்ப்பில் தோற்றுவிடும்.

திருத்துவதற்கும் ஒரு வரிசை உண்டு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறை மட்டுமே மாற்ற முடியும் என்பதால், அதில் எழுத்துப் பிழை இல்லாத பட்சத்தில் அதைத் தொடாமல், பான் அட்டையை ஆதாருக்கு ஏற்றபடி திருத்துங்கள். இதற்கான கட்டணம் நூறு ரூபாயைச் சற்றுத் தாண்டும். புதிய பான் வந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போகச் சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்றி முதலில் வங்கிக்குப் போனால், திரும்பவும் ஒரு முறை போக வேண்டியிருக்கும். உரிய காலத்தில் ஆதாரோடு இணைக்கப்படாத பான் செயலிழந்திருக்கும். 1,000 ரூபாய் கட்டணம் செலுத்தி இணைத்தால்தான் உயிர் பெறும். செயலிழந்த பானுக்கு ரீஃபண்ட் வராது, பணம் தருபவர் முன்கூட்டியே பிடிக்கும் வரியும் கூடுதல் விகிதத்தில் போகும். ஆகவே புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இணைப்பு நிலையைத் தளத்தில் சரிபாருங்கள்.

அடுத்தது கைபேசி எண். ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓடிபி வந்தால்தான் கணக்கைத் தாக்கல் செய்த பின் எளிதாகச் சரிபார்க்க முடியும். பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்த எண்ணை இப்போது வேறு யாரோ வைத்திருப்பார்கள், அல்லது அது சிங்கப்பூரில் இருக்கும் மகனின் எண்ணாக இருக்கும். ஆதார் மையத்தில் எண்ணை மாற்ற 75 ரூபாய் ஆகும். மாற்றம் பதிவாகச் சில நாட்கள் பிடிக்கலாம். ஜூலை கடைசி வாரத்தில் இதைக் கண்டுபிடித்தால் அந்தச் சில நாட்கள் கிடைக்காது.

தளத்தில் முதன்மைத் தொடர்பாக வாடிக்கையாளரின் எண்ணையும் மின்னஞ்சலையும் மட்டுமே கொடுங்கள். வேகம் கருதி எல்லோருக்கும் தங்கள் அலுவலக மின்னஞ்சலையே கொடுத்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது; அது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஏன் என்பதை எட்டாவது படியில் சொல்கிறேன். வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலே இல்லையென்றால் அவருடைய கைபேசியிலேயே ஒன்றை உருவாக்கி, கடவுச்சொல்லை அவர் கையாலேயே எழுதி வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். அவருடைய டிஜிட்டல் கையெழுத்துச் சாதனத்தையும் உங்கள் மேசை அறையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

4. வேளாண் வருமானம்: காகிதத்தைக் கேளுங்கள், வகையைப் பிரியுங்கள்

‘விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது, அதைக் காட்ட வேண்டியதில்லை’ என்பார்கள். இதில் முதல் பாதி மட்டுமே சரி. நிகர வேளாண் வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் ஐடிஆர்-1, ஐடிஆர்-4 ஆகிய எளிய வருமான வரிப் படிவங்களைப் பயன்படுத்தவே முடியாது. 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் இருக்கும் மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், பரப்பளவு, சொந்தமா குத்தகையா, பாசன நிலமா மானாவாரியா என்ற விவரங்களையும் படிவத்தில் தர வேண்டும்.

வேளாண் வருமானம் மற்ற வருமானத்தின் வரியையும் உயர்த்தும். ஓர் எடுத்துக்காட்டு: ஓய்வு பெற்ற ஒருவருக்கு 2025-26 நிதியாண்டில் நிலையான கழிவு போக 10 லட்சம் ரூபாய் ஓய்வூதியம், 4 லட்சம் ரூபாய் நிகர வேளாண் வருமானம் என்று வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில், இரண்டையும் கூட்டிய 14 லட்சத்துக்கு வரி 90,000 ரூபாய். வேளாண் வருமானத்தோடு வரியில்லா வரம்பான 4 லட்சத்தைக் கூட்டிய 8 லட்சத்துக்கு வரி 20,000 ரூபாய். இரண்டுக்கும் இடையே உள்ள 70,000 ரூபாய்தான் அவருடைய வரி. அதில் தள்ளுபடி அதிகபட்சம் 60,000 ரூபாய் என்பதால் 10,000 ரூபாயும், அதன் மேல் 4 சதவீதக் கூடுதல் வரியும் அவர் கட்ட வேண்டும். 12 லட்சம் வரை வரியே இல்லை என்று செய்தித்தாளில் படித்துவிட்டு வந்திருப்பவருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். எனவே கணக்கைத் தாளில் போட்டுக் காட்டி விளக்குங்கள்.

கேட்க வேண்டிய காகிதங்கள்: சிட்டா, கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் ரசீது, அந்தப் பணம் வரவான வங்கிப் பக்கம், உரம், ஆள் கூலி, அறுவடைச் செலவுக்கான குறிப்புகள். பட்டா தாத்தா பெயரிலேயே இருப்பது இங்கே சாதாரணம். அப்படியென்றால் வாரிசுச் சான்றும், யார் பயிர் செய்கிறார் என்பதைக் காட்டும் அடங்கலும் வேண்டும். கோயில் நிலத்தையோ மடத்து நிலத்தையோ குத்தகைக்குச் செய்பவரிடம் குத்தகை ரசீதைக் கேளுங்கள். தனியார் வியாபாரியிடம் ரொக்கத்துக்கு நெல் விற்றவர்கள்தான் பிறகு சிக்கிக்கொள்கிறார்கள். ஓர் ஆண்டில் சேமிப்புக் கணக்கில் 10 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்டினால், வங்கி அதை வரித்துறைக்குத் தெரிவித்துவிடும். அப்போது ‘நெல் விற்ற பணம்’ என்று சொன்னால் போதாது. வியாபாரியிடம் கையெழுத்துப் போட்ட சீட்டாவது வாங்கி வைக்கும்படி சம்பா அறுவடைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

எது வேளாண் வருமானம், எது அல்ல என்று பிரிப்பதில் கவனமாக இருங்கள். அறுவடை இயந்திரத்தை வாடகைக்கு விட்டு வரும் பணம் தொழில் வருமானம். அதற்கு வருமான வரி உண்டு, ஆனால் வேளாண் பணி என்பதால் ஜிஎஸ்டி கிடையாது. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்தால் வாடிக்கையாளர் உங்களை மறக்க மாட்டார். பால் மாடு, கோழிப் பண்ணை, கடற்கரைப் பக்கத்து இறால் குட்டை, நெல் அரைவை ஆலை ஆகியவற்றின் வருமானமும் வேளாண் வருமானம் அல்ல. நாற்றங்கால் வைத்துச் செடி, கன்று விற்பது வேளாண் வருமானத்தில் சேரும். வேளாண் வருமானத்தில் சேராத சிறு தொழில்களுக்கு உத்தேச வருமான முறை பொருந்துமா என்று பாருங்கள். ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய் வரை, ரொக்க வரவில் 8 சதவீதமும் வங்கி வழி வரவில் 6 சதவீதமும் லாபமாகக் காட்டினால் கணக்குப் புத்தகம் தேவைப்படாது. ஒரு முறை அதில் நுழைந்து, இடையில் விலகினால் அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்ப முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நிலம் விற்றவர் வந்தால் ஊரின் தூரத்தைப் பாருங்கள். மக்கள்தொகை 10,000 முதல் 1 லட்சம் வரை உள்ள நகரின் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர். நேர்க்கோட்டுத் தூரம்தான் கணக்கு. அதற்கு அப்பால் உள்ள விளைநிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. பேரூராட்சிகளும் நகரம் என்ற கணக்கில் வரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்திலோ கிராம நிர்வாக அலுவலரிடமோ தூரத்துக்கான சான்று வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

5. வெளிநாட்டில் இருப்பவர்களின் கணக்கு

மன்னார்குடி, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் பக்கங்களில் வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார். இவர்களிடம் பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகலையும் கேளுங்கள். இந்தியாவில் தங்கிய நாட்களை எண்ணித்தான் அவர் இங்கே வசிப்பவரா இல்லையா என்று முடிவு செய்ய முடியும். வெளிநாட்டில் குடியேறிய பின்னும் பழைய சேமிப்புக் கணக்கையே தொடர்வது பெரும்பாலோர் செய்யும் தவறு. அதை வெளிநாட்டில் வசிப்போருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றச் சொல்லுங்கள். என்ஆர்ஓ வைப்பு வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடுவதால், சிறு வருமானம் உள்ளவர்களுக்கு நியாயமான ரீஃபண்ட் உண்டு. ஓடிபி அவர்களைச் சேராவிட்டால் இணைய வங்கி வழியாகச் சரிபார்க்கலாம். அதுவும் இயலாதபோது கையெழுத்திட்ட ஒப்புகைப் படிவத்தைப் பெங்களூரு மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் இது முடிய வேண்டும் என்பதால், தாக்கல் செய்த கையோடு படிவத்தை அவருக்கு அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள்.

6. ஆண்டைப் பயிரோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்

விவசாயக் குடும்பங்களைச் சித்திரை, வைகாசியில் கூப்பிடுங்கள். சம்பா பணம் வந்து, வயல் வேலை குறைந்திருக்கும் மாதங்கள் அவை. வழக்கப்படி ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறந்துவிட்டால் குறுவை வேலையில் இறங்கிவிடுவார்கள். அப்புறம் அடங்கலைக் கேட்டு நீங்கள்தான் அலைய வேண்டும்.

காகிதத்தை ஏப்ரலில் வாங்கினாலும் தாக்கலை ஜூன் நடுவில்தான் தொடங்குங்கள். கடைசிக் காலாண்டின் வரிப் பிடித்தக் கணக்கை நிறுவனங்கள் மே 31 வரை தாக்கல் செய்யலாம். அதன் பிறகே, ஒருவரின் வருமானத்தையும் பிடித்த வரியையும் தளத்தில் காட்டும் 26ஏஎஸ், ஏஐஎஸ் விவரங்கள் முழுமையடையும். சம்பளத்தில் பிடித்த வரிக்கு நிறுவனம் தரும் சான்றான படிவம் 16, ஜூன் 15 வரை வரலாம். அவசரப்பட்டு மே மாதத்திலேயே தாக்கல் செய்தால் விடுபட்ட வட்டிக்காகத் திருத்தக் கணக்குப் போட நேரும்.

சம்பளக்காரர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் கடைசி நாள் ஜூலை 31. தாமதித்தால் 5,000 ரூபாய் கட்டணம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000 ரூபாய். 2025-ல் கடைசி நாள் செப்டம்பருக்கு நீட்டிக்கப்பட்டது. அதை நம்பி ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்க வேண்டாம். முன்கூட்டிய வரியை ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். உத்தேச முறையில் இருப்பவர்களுக்கு மார்ச் 15 மட்டுமே. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் 2025-26 வரையிலான வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். சில காலம் இரண்டையும் மேசையில் வைத்திருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி வாடிக்கையாளர்களுக்கு மாதத் தாக்கலில் விற்பனை விவரத்துக்குக் கடைசித் தேதி 11, வரிக் கணக்குக்கு 20. காலாண்டுத் தாக்கலில் அவை 13, 22. விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் தொகுப்பு முறையில் இருப்பவர்களுக்குக் காலாண்டு முடிந்த மாதத்தின் 18. தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய், பரிவர்த்தனையே இல்லையென்றால் 20 ரூபாய். ‘இந்த மாதம் வியாபாரமே இல்லை, எதற்குத் தாக்கல்’ என்று சும்மா இருந்துவிடும் கும்பகோணம் பாத்திரக் கடைக்காரருக்கும் இது ஏறிக்கொண்டே போகும்.

7. கட்டணத்தை முன்பே எழுதிக் கொடுங்கள்

சம்பளக்காரரின் எளிய கணக்குக்கு 500 முதல் 1,000 ரூபாய், சிறு தொழிலுக்கு 1,500 முதல் 3,000 ரூபாய் என்று நான் வைத்திருக்கிறேன். வெளிநாட்டுக் கணக்கு, நில விற்பனை ஆகியவற்றுக்கு வேலையைப் பார்த்துச் சொல்வேன். பாதியை முன்பணமாக வாங்குங்கள். மீதியை ஒப்புகை கொடுக்கும்போது வாங்குங்கள். உறவினர், தெருக்காரர் என்று கட்டணத்தைக் குறைப்பது உங்கள் விருப்பம். ஆனால் காகிதத்தில் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள். ரீஃபண்டில் சதவீதம் என்று ஒருபோதும் பேசாதீர்கள்.

8. மறுக்க வேண்டிய இரண்டு கோரிக்கைகள்

முதலாவது, ‘பக்கத்து அலுவலகத்தில் ரீஃபண்ட் வாங்கித் தருகிறார்கள், நீங்களும் வாங்கித் தாருங்கள்’ என்பது. கட்டாத வாடகை, கொடுக்காத அரசியல் கட்சி நன்கொடை, இல்லாத மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் கழித்துக் காட்டித்தான் அந்த ரீஃபண்ட் வருகிறது. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை இப்படிப் போலிக் கழிவு காட்டிய இடைத்தரகர்கள் தொடர்பாக நாடு முழுவதும் 150 இடங்களில் சரிபார்ப்பு நடத்தியது. தமிழ்நாடும் அதில் இருந்தது. மொத்தமாகக் கணக்குத் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல்களை உருவாக்கி, பிறகு அவற்றைக் கைவிட்டார்கள் என்பது வெளிவந்த விவரங்களில் ஒன்று. ஒரே மின்னஞ்சலில் நூறு பேரின் கணக்கு இருந்தால் நேர்மையானவரையும் துறை சந்தேகத்தோடுதான் பார்க்கும். தவறான தகவலுக்கான அபராதம் ஏய்த்த வரியைப் போல இரு மடங்கு. அது விழுவது வாடிக்கையாளர் தலையில். அந்தப் பாவத்தை நாம் சுமக்க வேண்டாம். ரசீது இல்லாத கழிவு எதையும் நிரப்பாதீர்கள்.

இரண்டாவது, வங்கிக் கடனுக்காக ‘மூன்று வருடக் கணக்கை இன்றே போட்டுக் கொடுங்கள்’ என்பது. ஓர் ஆண்டின் தாமதக் கணக்கை அதற்குரிய டிசம்பர் 31 வரைதான் தாக்கல் செய்யலாம். அதன் பிறகு ஐடிஆர்-யூ என்ற புதுப்பித்த கணக்கு மட்டுமே உண்டு. அதற்கு வரி மீதும் வட்டி மீதும் 25 முதல் 70 சதவீதம் வரை கூடுதலாகக் கட்ட வேண்டும். வரி எதுவும் வராத கணக்கை அதில் தாக்கல் செய்ய முடியாது. கடனுக்காக இல்லாத வருமானத்தைக் காட்டச் சொல்பவரை மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள்.

ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு பக்க ஒப்புதல் சீட்டைத் தமிழில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, பழைய முறையா புதிய முறையா, எந்தெந்த வருமானம் தெரிவிக்கப்பட்டது, எந்தக் கழிவுக்கு என்ன ரசீது தரப்பட்டது என்று நிரப்பி, அவரைப் படிக்கச் சொல்லி, அல்லது நீங்களே படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள்.

9. தாக்கலுக்குப் பின்

30 நாட்களுக்குள் சரிபார்க்காத கணக்கு உரிய நாளில் தாக்கல் ஆனதாக எடுத்துக்கொள்ளப்படாது. எனவே வாடிக்கையாளர் எதிரில் இருக்கும்போதே ஓடிபி வாங்கி முடித்துவிடுங்கள். குறைபாடு என்று நோட்டீஸ் வந்தால் பதிலுக்கு 15 நாட்கள். செயலாக்கத்தில் திருத்தம் முன்மொழிந்தால் 30 நாட்கள். பெரும்பாலான வாடிக்கையாளர்கள் மின்னஞ்சலைத் திறப்பதே இல்லை. வாரம் ஒரு நாளை ஒதுக்கி, அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, செய்தி ஏதும் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். ‘உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பை அழுத்துங்கள்’ என்று வரும் குறுஞ்செய்தி மோசடி என்றும், துறையின் உண்மையான கடிதத்தில் ஆவண அடையாள எண் இருக்கும், அதைத் தளத்தில் சரிபார்க்கலாம் என்றும் அந்த அழைப்பிலேயே சொல்லுங்கள்.

கோப்பை மூடும்போது ஒப்புகை, வருமானக் கணக்கீட்டுத் தாள், வரி கட்டிய சலான், 26ஏஎஸ் நகல், உங்கள் கட்டண ரசீது ஆகிய ஐந்தையும் ஒரு செட் அவரிடம் கொடுத்து, இன்னொரு செட்டை ஒப்புதல் சீட்டோடு சேர்த்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் கணக்கை மறுபடி திறந்து கேட்க வரித்துறைக்குப் பல ஆண்டுகள் அவகாசம் இருப்பதால், ஆறு ஆண்டுகள் வரையாவது அந்தக் கோப்பைத் தூக்கி எறியாதீர்கள்.